ரோஜாப்பூவுக்கு விழுந்த ஓட்டு

அகிலம் அனைத்தையும் படைத்து, அதன் ஓர் ஓரத்தில் நம்முடைய கட்சிக்கும் இடம் ஒதுக்கிய அல்லாஹ்வுக்கே புகழனைத்தும்!

இந்தச் சிறப்புப் பொதுக்குழுவின் தலைமை நாற்காலியை, கட்சி தொடங்கிய நாள் முதலாக வேறு எவருக்கும் சிரமம் கொடுக்காமல் தாமே தாங்கி வரும் மாண்புக்குரிய தலைவர் ஹாஜி உஸ்மான் கனி அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் துணைத் தலைவர்களே, இணைத் தலைவர்களே, எந்தத் தலைவர் என்று தங்களுக்கே மறந்துபோன பெரியோர்களே! மேடையில் உள்ளோரைவிடச் சற்றே குறைந்த எண்ணிக்கையில் கீழே அமர்ந்திருக்கும் தொண்டர் படையே! வலப்புறத் திரைக்கு அப்பால் இருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று ஏங்கிக்கொண்டிருக்கும் அன்னையரே, அருமைச் சகோதரிகளே! என் குரலைக் கழுதையிடமிருந்து மீட்டு மனிதக் குரலாக்கித் தரும் ஒலிபெருக்கி உரிமையாளர் நண்பர் வின்சென்ட் அவர்களே! உங்கள் அனைவர் மீதும் ஏக இறைவனின் சாந்தியும் சமாதானமும் நிலவட்டுமாக!

கைதட்டாதீர்கள். இன்னும் எதுவும் பேசவில்லை. பேசிய பிறகு தட்டுவீர்களா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

தலைவர் எனக்கு இட்ட கட்டளை இது: ‘‘தம்பி, வார்டு தேர்தல் வருது. நம்ம கட்சி வரலாற்றை வீரமாப் பேசு. பேசி முடிச்சு வேட்பாளரை அறிமுகப்படுத்து.’’ நான் நாமக்கல் முட்டை வியாபாரி. உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். ஆனால் நம் கட்சியின் வரலாற்றை உடைக்காமல் பேச, உலகில் எந்த வியாபாரியாலும் முடியாது.

எதற்காகப் பிறந்தது நம் சமநீதி முஸ்லிம் மன்றம்? பதவிக்காகவா? பட்டத்துக்காகவா? பளபளக்கும் காருக்காகவா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! ஒரு பாதைக்காகப் பிறந்தது. நம் கபர்ஸ்தானுக்குப் போகும் வழி ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் அது வழியல்ல, வாய்க்கால். ஓர் அடைமழையில், இடுப்பளவுத் தண்ணீரில் இறந்த ஒருவரின் மய்யித்தைத் தூக்கிக்கொண்டு போய் அடக்கிவிட்டுத் திரும்பிய நான்கு பேர், நனைந்த கைலியோடு முட்டைக் கிடங்கில் உட்கார்ந்து அழுதார்கள். அழுது முடித்து ஆரம்பித்ததுதான் இந்தக் கட்சி. உயிரோடு இருப்பவனுக்கு ஊரில் ஆயிரம் வழி உண்டு. இறந்தவனுக்கு இருப்பது ஒரே வழி. அந்த வழியைக் கேட்டு எழுந்த குரல் நம் குரல்!

இப்போது தட்டலாம். நன்றி.

கேட்டோம். யாரிடம் கேட்டோம்? ஒரு தேர்தலில் அந்தப் பெரிய கட்சியிடம் கேட்டோம். மறு தேர்தலில் இந்தப் பெரிய கட்சியிடம் கேட்டோம். இருவரும் ரமலானுக்கு வந்தார்கள். தொப்பி போட்டார்கள். கஞ்சி குடித்தார்கள். ‘‘கஞ்சி பிரமாதமுங்க பாய்’’ என்றார்கள். பாதை பற்றிக் கேட்டால், ‘‘இன்னொரு கிளாஸ் கிடைக்குமுங்களா?’’ என்றார்கள்.

அதற்குள் நாம் சும்மா இருந்தோமா? இரண்டாக உடைந்தோம்! கொள்கைக்காகவா உடைந்தோம்? ஒரு கலியாண மண்டபத்தில், முன்வரிசையில் யார் உட்காருவது என்பதற்காக உடைந்தோம். பிரிந்து போனவர்களுக்குத் தனிக் கொடி வேண்டுமே! நம் கொடியில் பிறை வலப்பக்கம் பார்த்தது. அவர்கள் பிறையை இடப்பக்கம் திருப்பினார்கள். வானத்துப் பிறைக்கே எந்தப் பக்கம் திரும்புவது என்ற குழப்பம் வந்த காலம் அது. அங்கே சிரிக்கிற பெரியவரே, சிரியுங்கள். இடப்பக்கப் பிறையின் பொருளாளர் அப்போது தாங்கள்தானே?

இத்தனைக்கும் நடுவில் ஒருமுறை வென்றோம். சுயேச்சையாக நின்று வென்றோம். நம் சுக்கூர் பாய் வார்டு உறுப்பினரானார். நல்ல மனிதர். லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். பேரூராட்சிக் கூட்டத்தில் ஒற்றை ஆளாக நின்று பாதிப் பாதை வாங்கி வந்தார். மேட்டில் இருக்கும் பாதி. பள்ளத்தில் இருக்கும் பாதியை அடுத்த முறை வாங்குவோம் என்றார். நாமும் நம்பினோம். அடுத்த முறை வந்தபோது நம் வார்டு பெண்கள் வார்டாகிவிட்டது.

அன்று இந்த மேடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் துக்க வீடு போல முகம். ஏன் துக்கம்? நம்மிடம் ஆள் இல்லையா? இருந்தார்! சுக்கூர் பாய் வீட்டிலேயே இருந்தார்! ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்றால், கடைக்காரர் பூட்டைத் தேடும் முன்பே வாசலில் நிற்பவர் யார்? தண்ணீர் லாரி நம் தெருவில் நின்றுவிட்டு அடுத்த தெருவுக்குப் போகாமல் திரும்பினால், ‘‘அவுங்களுக்கும் தொண்டை இருக்குதுங்கண்ணா’’ என்று ஓட்டுநரை மறித்தவர் யார்? மேற்குத் தெருக் குப்பாயி அக்காளின் மருமகளுக்கு வலி கண்டபோது, அம்மாவும் அத்தையும் கைபிசைந்து நிற்க, சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தவர் யார்?

திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பதில் வருகிறது. சரியாகச் சொன்னீர்கள். ரஹ்மத்துன்னிசா! சுக்கூர் பாயின் துணைவியார்.

அவரையே நிறுத்தினோம். அறிவான முடிவு. அப்படி ஓர் அறிவான முடிவை நாம் எடுத்தால், அதன் பின்னாலேயே ஒரு பிழையும் புறப்பட்டு வரும் என்பது நம் கட்சி மரபு. சுவரொட்டி அடிக்க வேண்டும். வேட்பாளர் படம் வேண்டும். ‘‘நம்ம ஊட்டுப் பொம்பளை மூஞ்சியச் சுவத்துல ஒட்டறதா? நாளைக்கு மழை பேஞ்சா கிழிஞ்சு கீழ கிடக்கும், ஆடு திங்கும்’’ என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். மரியாதைதான், மறுக்கவில்லை. மரியாதையால்தான் செய்தோம். கலியாண பேனரில் மணப்பெண் படத்துக்குப் பதிலாகப் போடுகிறோமே, அதையே போட்டோம்.

என்ன போட்டோம்?

ஆம். ஒரு ரோஜாப்பூ.

சுக்கூர் பாய் ஆளுயரத்துக்குக் கைகூப்பிச் சிரிக்கிறார். அவர் பக்கத்தில், அவர் முகத்தைவிடப் பெரிதாக, பனித்துளியோடு ஒரு சிவப்பு ரோஜா. அதன் கீழே ‘‘ஜனாபா சுக்கூர்’’. திருமதி சுக்கூர் என்று பொருள்; பெண்ணின் சொந்தப் பெயரும் கிடையாது. நமக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி. அது கீழ் மூலையில், அச்சகத்தார் பெயருக்குப் பக்கத்தில், தேடுகிறவர் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தது.

அந்த வார்டில் இன்னொரு சுயேச்சையும் நின்றார். அவர் யாரென்று ஊருக்கும் தெரியாது. தான் ஏன் நின்றோம் என்று அவருக்கும் தெரியாது. அவருக்குக் கிடைத்த சின்னம் என்ன தெரியுமா? நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்று வாக்கு எண்ணும் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெரிய கட்சி வென்றது. நாம் மயிரிழையில் தோற்றோம். பிரசாரத்துக்கே வராத அந்த ரோஜாப்பூ, கூடை கூடையாக ஓட்டு வாங்கியிருந்தது!

மறுநாள் குப்பாயி அக்காள் வெற்றிலையோடு வந்து சுக்கூர் பாய் வீட்டு வாசலில் உட்கார்ந்தார். ‘‘ஏஞ்சாமி, பாயம்மா ஜெயிச்சுட்டாங்களா? எங்க தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் பேசி வெச்சுப் போயிக் குத்துனோமுங்க. எம் மருமவகிட்டயும் அழுத்திச் சொன்னேன், பூவு, பெரிய பூவு, மறந்துராதேன்னு.’’ ரஹ்மத்துன்னிசா, ‘‘சந்தோசமுங்கக்கா, காப்பி குடிங்க’’ என்றார்.

நம்மை எதிரி தோற்கடித்தானா? இல்லை. காட்டிக் கொடுத்தானா கருங்காலி? இல்லை. நமக்கு ஓட்டுப் போட வந்தவர்களிடம் நம் வேட்பாளரை மறைத்து வைத்தவர்கள் நாம்! மேற்குத் தெருவுக்கு அந்த முகம் தெரியும். அந்தக் குரல் தெரியும். அந்தக் கை தெரியும். தெரிந்த அத்தனையையும் மூடிவிட்டு, தெரியாத ஒரு பூவைக் காட்டினோம்.

வென்றவர்கள் பள்ளத்துப் பாதையைப் பார்க்கவும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அவர்கள் பாதையல்ல, நம் பாதை.

போன கார்த்திகை மழையில் சுக்கூர் பாய் மௌத்தானார். தோள் கொடுத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மேட்டுப் பாதிவரை, அவர் வாங்கிக் கொடுத்த பாதையில் நடந்தோம். அங்கிருந்து தண்ணீர். முழங்கால், தொடை, இடுப்பு. அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தோம். பாதை கேட்டுப் பதவிக்குப் போன மனிதரைப் பாதை இல்லாமல் கொண்டுபோனோம். அந்த நேரத்தில் நாம் கொள்கை பேசினோமா? கொடி பிடித்தோமா? வலப்பிறையும் இடப்பிறையும் ஒரே தண்ணீரில் நின்று ஒரே சந்தூக்கைப் பிடித்திருந்தோம். ஒற்றுமை வந்தது. எவ்வளவு தாமதமாக வந்தது!

இரண்டு நிமிடம் என்று துண்டுச் சீட்டு வருகிறது. தலைவரே, நம் கட்சி முப்பது வருடம் காத்திருந்தது. தாங்கள் இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

சென்ற வாரம் தலைவரும் நானும் ரஹ்மத்துன்னிசா வீட்டுக்குப் போனோம். கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. இந்த முறையும் பெண்கள் வார்டுதான். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: ‘‘தாயி, நீங்கதான் நிக்கணும்.’’

கதவோரம் நின்ற அந்த அம்மையார் கேட்டார்: ‘‘யாருங்க ஹாஜியார் நிக்கணும்? நானா, பூவா?’’

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

‘‘ரேசன் கடையில எம் மூஞ்சியப் பார்த்துத்தானுங்களே பேசறாங்க? ஆஸ்பத்திரியில எம் மூஞ்சியப் பார்த்துத்தானுங்களே கையெழுத்து வாங்கறாங்க? ஓட்டுக் கேக்கறதுக்கு மட்டும் அது ஆகாதுங்களா? எங்கூட்டுக்காரரை நான் குறை சொல்லலீங்க. நல்ல மனுசன். அவரைத் தண்ணிக்குள்ள தூக்கிட்டுப் போனீங்க. வாசல்ல நின்னு நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.’’

‘‘அதுக்குத்தான் தாயி, நம்ம கட்சியில...’’

‘‘நிக்கறேனுங்க. உங்க கட்சியில இல்லீங்க. தனியா நிக்கறேன். மேக்கால தெருவுலயும் என் படத்தோட போயிக் கேப்பேன்.’’

‘‘கட்சி போயிருமே தாயி!’’

‘‘போவட்டுங்க. பாதை வரட்டும்.’’

தலைவர் வெளியே வந்து செருப்பை மாட்டினார். வலது செருப்பை இடது காலில் மாட்டினார். நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சொல்லக் கூடாது.

அதன் பிறகு என்ன நடந்தது? அந்த அம்மையாரை எதிர்த்து நம் கட்சி சார்பில் தம் மருமகள் ஃபரீதா அவர்களை நிறுத்துவதென்று தலைவர் தீர்மானித்திருக்கிறார். இதோ எனக்குப் பின்னால் பேனரைப் பாருங்கள். தலைவர் கைகூப்புகிறார். பக்கத்தில் பூ. இந்த முறை மஞ்சள் ரோஜா. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை!

நான் கேட்கிறேன். பாதைக்காகப் பிறந்த கட்சி, பாதைக்குக் குறுக்கே படுக்கலாமா? ஒரே வார்டில், ஒரே தெருவில், ஒரே கபர்ஸ்தானுக்குப் போக வேண்டிய நாம், ஓட்டை இரண்டாகப் பிளந்து, மூன்றாவது ஆளின் மடியில் போடலாமா? இன்னும் எத்தனை பேரை அந்தத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போவது? அடுத்த ஐப்பசியில் தூக்குகிறவர் யார், தூக்கப்படுகிறவர் யார், யாருக்குத் தெரியும்? வேட்பாளரை அறிமுகப்படுத்தச் சொன்ன தலைவர் என்னை மன்னிக்க வேண்டும். இந்தப் பேனரில் பூவாக நிறுத்தப்பட்டிருப்பவரிடம், நிற்கச் சம்மதமா என்று இதுவரை நாம் ஒருவரும்...

என்ன? திரைக்கு அந்தப் பக்கம் யாரோ எழுந்து நிற்கிறார். வின்சென்ட், அந்த மைக்கைச் சற்று அங்கே கொடுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள் அம்மா, மேடைக்குக் கேட்கவில்லை.

‘‘மாமா, கோவிச்சுக்காதீங்க. எனக்கு நிக்க இஷ்டமில்லீங்க. என் ஓட்டும் ரஹ்மத் மாமிக்குத்தானுங்க.’’

சபையோரே! கட்சியின் வேட்பாளரே பேசிவிட்டார். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு தெளிவாக, நம் கட்சி மேடையில் இதுவரை எவரும் பேசியதில்லை; என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தலைவர் மைக்கைக் கேட்கிறார். கொடுத்துவிடுகிறேன். அவர் கண்ணைத் துடைக்கிறார், முதலில் துடைத்துக்கொள்ளட்டும்.

தலைவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. நாம் வேட்பாளரை நிறுத்தாவிட்டால் இந்தக் கட்சியில் பெயர்ப் பலகையைத் தவிர எதுவும் மிஞ்சாது என்பது தெரியும். அந்த வருத்தம் என் நெஞ்சில் இருக்கிறது. ஒரு கட்சியை அடக்கம் செய்வதும் அடக்கம்தான். ஆனால் அதையாவது நாம் நம் காலால் நடந்து, நனையாத தரையில் நின்று செய்வோம். நாளைக் காலை ரஹ்மத்துன்னிசா மேற்குத் தெருவில் ஓட்டுக் கேட்கப் புறப்படுகிறார். முன்னால் அவர் போகட்டும். முகம் தெரிய, பெயர் தெரியப் போகட்டும். பின்னால் நோட்டீஸ் கட்டைத் தூக்க ஆள் வேண்டுமாம். நான் போகிறேன்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்களுக்கும், பேசவிட்ட தலைவருக்கும், பேசிக் காட்டிய சகோதரிக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரும் இறைவனின் காவலில் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்!