யோகராணி அன்ரி சேர்க்காத சொல்

பாட்டால் எங்கள் இல்லத்தை நிறைத்தவரே, பொய் கலவாத நாவுடையவரே, அன்புக்குரிய யோகராணி அன்ரி அவர்களே!

காலையில் வருகிறீர்கள். சப்பாத்தைக் கழற்றிப் பனியைத் தட்டுகிறீர்கள். குளிரங்கியைக் கழற்றி மாட்டுகிறீர்கள். பால் விடாத தேநீரில் பாதியைக் குடித்து, மீதியை மறந்துவிடுகிறீர்கள். கையைக் கழுவி, முதல் அறைக் கதவைத் தட்டுகிறீர்கள். டோர்செட் பார்க் முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இதுதான் நடந்தது. ஓய்வுபெறுகிறீர்கள்; வரும் திங்கட்கிழமை நடக்காது.

இளமையில் காசிக்கு இசை படிக்கச் சென்று, ஐந்நூறு ஆண்டுப் பழமையான ஹிந்தி அடியார்களின் பாடல்களோடு திரும்பியவர் நீங்கள். தறியில் இருந்து பாடியவர், தோல் தைத்தபடி பாடியவர், அரண்மனையை உதறிவிட்டுப் பாடியவள் எல்லோரையும் எங்கள் முதியவர்களிடம் அழைத்து வந்தீர்கள். ஓர் அடி பாடுவீர்கள். பொருள் சொல்வீர்கள். மறுபடி பாடுவீர்கள். விளங்காத இடத்தில் "உது எனக்கும் விளங்கேல்லை" என்று சொல்லித் தாண்டுவீர்கள்.

அந்தத் தறிக்காரர் இறந்தபோது போர்வைக்குக் கீழே உடல் இல்லை, பூக்களே இருந்தன என்றொரு கதை உண்டு. எந்தக் கட்டிலருகிலும் அதை நீங்கள் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டோம். "பாட்டு அவர் பாடினது. பூக்கதை, மிஞ்சி இருந்தவையின்ரை ஆறுதல்" என்றீர்கள்.

எங்கள் உடற்பயிற்சிப் பிரிவில் வேலை செய்யும் கிருபனின் மனைவி நிரூபா, சென்ற குளிர்காலத்தில் இதே இல்லத்தில், இறுதிநிலை நோயாளருக்கான நோய்தணிப்புப் பிரிவில் இருந்தார். அவருக்கு முப்பத்தொரு வயது. கடவுள் நம்பிக்கை குறைவு. கேலி அதிகம்.

"அன்ரி, உங்கடை சாமியார்மார் ஒருத்தரும் வேலைவெட்டிக்குப் போகேல்லையோ?"

"போனவை பிள்ளை. ஒருத்தர் நெசவு, ஒருத்தர் செருப்புத் தையல். வேலையிலை இருந்துகொண்டுதான் பாடினவை."

"ஓவர்டைம் குடுத்திருக்க மாட்டாங்கள். அந்த ராசாத்தி?"

"அவ மாமியார் வீட்டோடை சண்டை பிடிச்சுக்கொண்டு வெளிக்கிட்டவ."

"அப்ப அவவின்ரையைப் பாடுங்கோ!"

ஒரு பிற்பகல், வேலை உடுப்போடு வந்து அருகில் இருந்த கிருபன், கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார். அவர் விழித்தபோது நீங்கள் பாடிக்கொண்டிருந்தீர்கள். நிரூபா போயிருந்தார்.

செத்தவீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றையே: கடைசியாக என்ன சொன்னார்? பிறம்ரனிலிருந்து வந்த நிரூபாவின் தாயார் இராஜேஸ்வரி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ராமா எண்டு சொல்லிக்கொண்டுதானே அக்கா என்ரை பிள்ளை போனவள்?"

ஓம் என்ற ஒரு சொல் போதும். மண்டபமே அதற்குக் காத்திருந்தது.

"அது பாட்டிலை வந்த பேர், தங்கச்சி. பாடினது நான். பிள்ளை சொன்னது வேறை. கிருபன் கேக்கேக்கை சொல்லுறன்."

தாயார் கையை விட்டார். பிறகு அன்று உங்களுடன் பேசவில்லை.

கிருபன் கேட்கவில்லை. நிரூபா கூப்பிட்டிருப்பாள், நான் எழும்பாமல் கிடந்திருப்பேன் என்ற பயம் அவருக்கு. நீங்கள் நடைபாதையில் வந்தால் லிப்டுக்குள் புகுந்துவிடுவார். ராமா என்றே வைத்துக்கொள்வோம் என்றும் சில நாள் நினைத்தாராம். நீங்கள் ஓய்வுபெறும் செய்தி வந்தது. இனிக் கேட்க ஆள் இருக்காது. சென்ற வாரம் ஊழியர் அறைக்கு வந்தார்.

"அன்ரி, நான் நித்திரை. அவ என்னைக் கூப்பிட்டவவோ?"

"இல்லைத் தம்பி. நான்தான் பாட்டை விட்டிட்டு உன்னை எழுப்ப வந்தனான். அவ மறிச்சவ."

பிறகு நிரூபா சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னீர்கள். அன்றிலிருந்து கிருபன் லிப்டைத் தேடுவதில்லை.

இனிமையானதையும் நடந்ததையும் வேறுவேறாக வைத்திருந்த பெருமனத்தவரே! முழங்கால் நோவு நீங்கி, குரல் தளராமல், பாட விரும்பும் போதெல்லாம் கேட்க ஆட்கள் சூழ, நெடுங்காலம் நலமாக வாழ்க என வாழ்த்தி, இல்லத்து ஊழியர் அனைவரும் இம்மடலில் கையெழுத்திடுகிறோம்.

சட்டமிட்டு மாட்டும் மடலில் அதையும் எழுதலாமா என்று கிருபனிடம் கேட்டோம். எழுதச் சொன்னார். நிரூபா கடைசியாகச் சொன்னது:

"எழுப்பாதேங்கோ அன்ரி. பாடுங்கோ. பாட்டு நிண்டா இவர் எழும்பிடுவார்."