இடது இறக்கை

பெட்டியின் மேலிருக்கும் படத்தை நம்பி விமான மாதிரி வாங்குகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். படத்தில் மேகம் இருக்கும், வெயில் இருக்கும். உள்ளே இருப்பதோ சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிற பிளாஸ்டிக் துண்டுகள்; நாமே வெட்டியெடுத்து ஒட்டிச் சேர்க்க வேண்டும். பார்க்க வேண்டியது அவற்றைத்தான். ஓரத்தில் பிசிறு இருக்கிறதா, தடித்த இடங்களில் குழி விழுந்திருக்கிறதா, விமானி அமரும் இடத்துக் கண்ணாடி மூடி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகப் பொருத்தம். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பட்டறையில் அச்சு வெட்டியவன் நான்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். அவசரப்படுத்தாமல் கேளுங்கள், சொல்கிறேன்.

பெட்டியின் மூலையில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. அவர் விட்டுப்போன பட்டறையில் சீப்பும் பொத்தானும் வார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே விமானம் வார்த்தவன் நான். ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானம், அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, உள்ளங்கையில் உட்காரும்.

மாப்பிள்ளை, அதாவது என் மகளின் கணவர், இப்படிப்பட்ட மாதிரிகளைச் சோதித்து ஒரு மாத இதழில் எழுதுகிறவர். பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தது நான்தான். நிதானமானவர், குரல் உயர்த்த மாட்டார். நெஞ்சில் கொஞ்சம் இழுப்பு உண்டு. அதைக் கல்யாணத்துக்கு முன்பே மறைக்காமல் சொன்னார். மறைக்காமல் சொல்கிற குணம் அப்போது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் புதுப் பெட்டியை அவர் பிரித்தது சாப்பாட்டு மேசையில், எல்லோரும் இருக்கும்போது. பசை போடாமல் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பது அவர் வழக்கம்.

"பிசிறே இல்ல மாமா. மூடி தண்ணி மாதிரி இருக்கு. இந்த அளவுல இவ்வளவு நல்ல மூடி நான் பாத்ததே இல்ல" என்றார். அந்தப் பாராட்டை நான் மறக்கவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

"ஆனா இடது இறக்கையப் பாருங்க. சேர்ற இடத்துல வெளிச்சம் தெரியுது. நுனி தொங்குது."

"பசை போட்டா சரியாயிடும் மாப்பிள்ளை."

"பசை ஒட்டும் மாமா, நிமித்தாது." சிரித்துக்கொண்டே சொன்னார். "இது பறந்தா ஒரே இடத்தத்தான் சுத்திக்கிட்டு இருக்கும். வீடு வந்து சேராது."

என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். மகன் சிரிப்பை மறைக்கத் தட்டின் மேல் குனிந்துகொண்டான். மருமகள் தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து போனாள். என் அப்பாவின் பெயர் எழுதிய பெட்டி அந்த மேசையில்தான் திறந்து கிடந்தது.

மறுநாள் பட்டறையில் மகன் வந்து நின்றான். "அப்பா, அவர் சொல்றது சரிதான். அச்சக் கொஞ்சம் தேச்சா போதும். யாருக்கும் தெரியப்போறதில்ல."

"தேச்சா தப்புன்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும்."

"தப்புதானேப்பா."

அதன்பிறகு அவனை என் அறைக்குள் நான் கூப்பிடவில்லை.

மாப்பிள்ளையிடம் தனியாகப் பேசினேன். நான் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவன். இருந்தும் கேட்டேன். "இதழ்ல எழுதும்போது இறக்கையப் பத்தின அந்த ஒரு வரிய மட்டும் விட்டுடுங்க."

"அத விட்டா, மூடி நல்லா இருக்குன்னு எழுதினதையும் யாரும் நம்ப மாட்டாங்க மாமா."

"குடும்பத்து ஆளா பேசுங்க."

"குடும்பத்து ஆளுங்கறதாலதான் முன்கூட்டியே உங்ககிட்ட சொல்றேன்."

அதோடு முடிந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். வெளியாள் சொன்னால் பொறாமை என்று சொல்லித் தள்ளிவிடலாம். வீட்டு மாப்பிள்ளையே எழுதினால் ஊரில் ஒருவரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அது அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் அவர் வண்ணம் தெளிப்பதற்காகவே ஒரு சின்ன அறை கட்டிக் கொடுத்திருந்தேன். என் செலவில்தான். தூசி வரக்கூடாதென்று ஜன்னல் வைக்கவில்லை. வண்ணப் புகையை வெளியேற்ற ஒரு ஃபேன். அதன் சுவிட்ச் வெளியே. கதவை நானே மாட்டி, ஓரமெல்லாம் ரப்பர் ஒட்டினேன். கறை படக்கூடாதென்று சட்டையைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் அவர் உள்ளே போவார். இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கும். நான் எதையும் தேடி எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெண்கள் துணிக்கடைக்குப் போயிருந்தார்கள். மாப்பிள்ளை எங்கள் விமானத்துக்குத்தான் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். நான் ஃபேனை நிறுத்தினேன். தாழ்ப்பாளைப் போட்டேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"மாமா, ஃபேன் நின்னுடுச்சு. கொஞ்சம் பாருங்களேன்."

சற்றுக் கழித்து, "மாமா, அந்தச் சட்டைய எடுத்துக் குடுங்க."

பிறகு கதவைத் தட்டினார். அப்போதும் விரல் முட்டியால், அனுமதி கேட்கிற மாதிரி. நல்ல வளர்ப்பு. அதை நான் எங்கும் சொல்வேன்.

நான் நியாயமாகவே நடந்துகொண்டேன். "அந்த வரிய எடுத்துடறீங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்துடறேன் மாமா. கதவத் திறங்க."

யோசித்துப் பாருங்கள். அதுவரை ஒரு பொய்கூடச் சொல்லாத மனிதர். மூச்சுக்காகப் பொய் சொல்கிறவர் நாளைக்கு எதற்காகவும் சொல்வார். அப்படிப்பட்டவரை என் மகளோடு எப்படி விட்டுவைப்பது? நான் திறக்கவில்லை. குனிந்து கதவோரம் பார்த்தேன். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு கீற்று வெளிச்சம்கூட வரவில்லை. எங்கள் கைக்குப் பொருத்தம் வராது என்று எழுதுகிறவர்கள் அந்தக் கதவைப் பார்த்திருக்க வேண்டும்.

தட்டுவது நின்றபிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஃபேனைப் போட்டேன். அறை நாறக்கூடாது.

மகள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா, அவரு உங்களக் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டார்" என்றேன். பொய் சொல்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. பேசுவாள். என் ரத்தம்.

அந்த இதழ் வந்துவிட்டதாமே. அந்த வரியும் அதில் இருக்கிறதாமே. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அனுப்பிவிட்டிருக்கிறார். ஆக, எடுத்துவிடுகிறேன் என்றது பொய்தான். நான் கணித்தது தவறவில்லை.

நீங்கள் கொண்டுவந்து வைத்த பெட்டியைப் பிரித்து, உங்கள் கண்ணெதிரே நானே ஒட்டிக் காட்டியிருக்கிறேன். பாருங்கள், எவ்வளவு அழகாக நிற்கிறது. இடது பக்கம் தாழ்ந்திருப்பதாகத் தெரிந்தால் அது உங்கள் ஸ்டேஷன் மேசையின் குற்றம். காலுக்கு அடியில் ஒரு காகிதத்தை மடித்து வையுங்கள். எதற்குத் திருப்பி வைக்கிறீர்கள்? சரி, திருப்பி வைத்தே பாருங்கள். இப்போதும் இடது இறக்கைதான் தாழ்ந்திருக்கிறது என்கிறீர்களா?

அப்படியென்றால் மேசை இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கிறது.