வேனில் ஏறிய மந்திரம்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் சக்கரவர்த்தி ஐயா அவர்களே, சுகாதாரத் துறைப் பெரியோர்களே, வேலையைப் போட்டுவிட்டு இந்த இரங்கல் கூட்டத்துக்காகத் திருவண்ணாமலை வரை வந்திருக்கும் என் ஊர் ஜனங்களே, வணக்கம்.

என் பேத்தி இனியாவைப் பாம்பு கடித்த அன்று, கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் எங்கள் கடலைக் கொல்லையில் இருந்தவர்கள் பெயரை முதலில் சொல்கிறேன். களை பறித்த கஸ்தூரி. வரப்பில் நின்ற பொன்னி. வேன் கொண்டுவந்த மாறன். ஜோதியம்மாள் ஆகிய நான். நால்வரும் இந்த மண்டபத்தில் இருக்கிறோம். இனியாவும் இருக்கிறாள். முதல் வரிசையில், பாருங்கள்.

யாரால் இருக்கிறாள்? நம்மை விட்டுப் போன அருணாதேவி மேடத்தால்.

பாம்புக்கடி விழிப்புணர்வு சொல்ல வந்தவர் அவர். முதலில் எங்கள் மாரியம்மன் கோயில் பக்கத்துச் சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டினார். மேலே படமெடுத்த நாகம். கீழே, 'கடித்தால் உடனே மருத்துவமனைக்கு' என்று எழுத்து. மறுவாரம் வந்து பார்த்தால் நாகத்துக்கு மஞ்சள், குங்குமம், கற்பூரம். நாங்கள்தான் வைத்தோம். பொன்னி பால் வேறு ஊற்றியதில், எழுத்திருந்த பாதி ஊறிக் கிழிந்திருந்தது.

மேடம் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. "தப்பு என்மேலதாம்மா. இந்த ஊர்ல பாம்பு கடிச்சா மொதல்ல யாராண்ட போவீங்க?" என்று கேட்டார்.

யாரிடம் போவோம்? மந்திரிக்கிறவரிடம். ஒன்பது வருஷத்துக்கு முன், பாம்பு கடித்த என் மகன் முருகவேலை அவர் வாசலில்தான் கிடத்தினோம். அப்போது காலை பத்து மணி. வேப்பிலை அடித்து, தண்ணீர் தெளித்து, "எறங்கினு இருக்குது, எறங்கினு இருக்குது" என்று சொல்லியே வைத்திருந்தார். நான்கு மணிக்கு என் மகன் போய்விட்டான்.

அந்த வீட்டில் மேடம் போய் உட்கார்ந்தார். பதினோரு நாள். நான் எண்ணினேன். வழியை மறித்துக் கேட்டேன்: "என் புள்ளையச் சாவடிச்சவன் ஊட்ல ஒனக்கு இன்னா வேலை?"

"அடுத்த புள்ளையையும் அங்கதானே தூக்கினு வருவீங்க. அதாம்மா."

இரண்டு மாதம் அவரோடு நான் பேசவில்லை.

மந்திரத்தை விடு என்று அவர் அந்த ஆளிடம் சொல்லவே இல்லை. "மந்திரிங்கண்ணே. ஆனா ஊட்ல வோணாம். வேன்ல ஏறிக்கினு, ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் மந்திரிங்க" என்றார். ஜனங்களின் நம்பிக்கையும் போகவில்லை, நேரமும் போகவில்லை. இனியாவைக் கடித்தபோது அந்த மனிதர்தான் முதலில் வேனில் ஏறி, "மாறா, எடுடா வண்டிய" என்றார். அரசு மருத்துவமனை வாசல் வரை அவர் வாய் ஓயவில்லை. உள்ளே மருந்து ஏறியது. ஐந்தாம் நாள் என் பேத்தி நடந்து வந்தாள். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் ஏழு பேரை அப்படி வேனில் ஏற்றினோம். ஏழு பேரும் இன்று அவரவர் வீட்டில் சோறு தின்கிறார்கள்.

மேடத்தின் வேலை நின்றுவிடலாமா? விடமாட்டோம். நாளையிலிருந்து மைக் கட்டிய வேனில் நான் ஊர் ஊராகப் போகிறேன். பிழைத்தவர்களைப் பேச வைப்பேன். மந்திரிக்கிறவரும் வரவேண்டும், டாக்டர் சொல்லிக் கேட்காதவன்கூட அவர் சொன்னால் கேட்பான். அவரை மன்னிக்கும்படி மேடம் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. "கூடப் போங்கம்மா" என்றுதான் கேட்டார்.

கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாயே, உனக்குத்தான் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு வேன். என் பக்கத்து சீட்டு உனக்கு. மன்னிப்பு மட்டும் கிடையாது, காசி.