ஒத்திகையில் மீட்கப்பட்டவன்

என் பெயர் பிகேதி, த/பெ தெரூபி, வயது முப்பத்தெட்டு. தபோனுயா தீவில் துறைமுகத்தின் பின்புறம் குடியிருக்கிறேன். எங்கள் நாட்டுக்குள்ள ஒரே ரோந்துக் கப்பலில் மாலுமியாக இருக்கிறேன்.

மூன்று நட்பு நாடுகளின் அதிகாரிகளும் எங்கள் அமைச்சரும் இரண்டு நாள் கலந்து பேசி, கடல் பாதுகாப்புக் கூட்டு ஒத்திகையில் மிதக்கவிடும் படகுக்கு ஆரஞ்சு வண்ணம் அடிப்பதென ஒருமனதாக முடிவெடுத்தார்கள். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அதன் பிறகு, வழிதவறிய மீனவனாக நடிக்க என் தம்பி தியாந்தேயைத் தேர்ந்தெடுத்தார்கள். எஞ்சின் இல்லாத அந்தப் படகில் அவனை உட்காரவைத்து, ஒரு துடுப்பும் ஆட்டிக் காட்டச் சிவப்புத் துணியும் கொடுத்து, பவளத்திட்டுக்கு வெளியே விட்டோம். "அண்ணே, சுருக்கா வந்து தூக்கிருங்க. மத்தியானச் சோத்துக்கு வீட்ல இருக்கணும்" என்றான். "போடா, உன்னத் தூக்க மூணு நாட்டுக் கப்பல் வருது. எவனுக்குடா கிடைக்கும் இந்தக் குடுப்பினை?" என்றேன்.

அதன் பிறகு, மூன்று நாட்டுப் படகுகளும் ஒரே நேரத்தில் அவனைத் தொட வேண்டும் என்ற ஒப்பந்தப்படி, எஞ்சின் கிளம்பாத ஒரு நாட்டின் படகுக்காக மற்ற இரண்டும் காத்து நின்றன. நீரோட்டம் காத்து நிற்கவில்லை. தம்பி துணியை ஆட்டினான். நாங்கள் கையாட்டினோம். நானும் ஆட்டினேன். பிறகு அவன் துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தான். எங்கள் தீவில் அதை யாரும் விளையாட்டுக்குச் செய்வதில்லை. கேப்டனிடம் ஓடிச் சொன்னேன்.

"துணியதானப்பா ஆட்டச் சொன்னோம்? உன் தம்பி ரொம்பத்தான் நடிக்கிறான். சினிமாவுக்கு அனுப்பு."

"சார், அது நடிப்பு இல்ல சார்!"

அதற்குள் மழை இறங்கி அவனை மறைத்துவிட்டது. அமைச்சர் பேச வேண்டிய நேரம் ஆகிவிட்டதால், மீனவர் பத்திரமாக மீட்கப்பட்டார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். என் அம்மா கொண்டுவந்திருந்த மாலையை அமைச்சருக்குப் போட்டார்கள். அம்மா கூட்டத்துக்குள் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு, தேடப் போகலாமா என்று கேட்டேன். மீட்கப்பட்டவரைத் தேட விதியில்லை, புதிதாகத் தேடுவதென்றால் மூன்று நாடுகளும் மறுபடி கூடிப் பேச வேண்டும் என்றார்கள். விருந்தில் சுட்ட பன்றி இருந்தது. நான் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் ஒரு வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல் தானாகவே துறைமுகத்துக்குள் வந்து தம்பியை இறக்கிவிட்டது. அவன் உதடு வெடித்திருந்தது. கப்பல் தலைவரின் சட்டையைப் போட்டிருந்தான். அந்தக் கப்பலுக்கு எங்கள் கடலில் அனுமதி இல்லை. எனவே கேப்டன் உத்தரவுப்படி அதைப் பிடித்தோம். கயிற்றைக் கட்டியவன் நான்.

கேள்விக்குப் பதில்: ஆம், எங்கள் கடலில் வலையை இழுக்கும்போதுதான் அந்தக் கப்பல்காரர்கள் தன்னைக் கண்டதாகத் தம்பி சொன்னான்.

வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) பிகேதி

எதிரி: மேற்படி கப்பலின் தலைவர், காவலில்.
அரசுத் தரப்பு முதல் சாட்சி: தியாந்தே.