தொப்பி மாட்டாத குழாய்

தேநீர் ஆறுகிறது, குடியுங்கள். கண்டி மழைக்கு நல்லது. விசாரணைக் குழு என்று மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். பித்தக்குழாயின் வாயை உங்களில் ஒருவராவது கண்ணால் கண்டதுண்டா? பரவாயில்லை, உங்களுக்கு விளங்கும்படியே சொல்கிறேன்.

பாலம்மா புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். பித்தக்குழாயில் கல் அடைத்துக் கண்ணெல்லாம் மஞ்சள். முன்பு புண்ணுக்காக இரைப்பையில் பாதியை வெட்டிவிட்டு, மீதியைக் குடலோடு தைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட வயிற்றில் வழியே தலைகீழ். கமராக் குழாய் ஒரு கூரான வளைவில் ஏறித்தான் கல்லிடம் போக வேண்டும்.

என் உதவி டொக்டர் இல்மா கொஞ்சக் காலம் வெளிநாட்டில் படித்தவள். அந்தப் பவிசு வேறு.

"சேர், பக்கவாட்டில பாக்கிற குழாய் அந்த வளைவில கிழிச்சிரும். நேரா பாக்கிறதில தொப்பி மாட்டிப் போவோம்" என்றாள்.

தொப்பி என்றால் குழாய் நுனிக்கு மாட்டும் பிளாஸ்டிக் மூடி. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அவளை வார்டுக்கு அனுப்பிவிட்டு, பக்கவாட்டில் பார்க்கும் என் குழாயையே எடுத்தேன்.

வளைவில் குடல் கிழிந்தது. திரையில் மஞ்சள் கொழுப்புத் தெரிந்தது. அது குடலுக்கு வெளியே இருப்பது. அன்றே சத்திரசிகிச்சைக்கு அனுப்பினால் பிழைப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அனுப்பினால், இல்மா சொன்னதுதான் சரி என்று ஆஸ்பத்திரிக் கன்ரீன் வரைக்கும் கதை போகும்.

பாலம்மா கண் விழித்ததும் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா, கொஞ்சம் நோகும். அது வழமை. சின்ன டொக்டர் கேட்டா நோகேல்லை எண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி அவ பயந்துபோய் வயித்தை வெட்டச் சொல்லுவா."

"சரிங்க தொர" என்றார்.

தோட்டத்து ஆட்களிடம் ஒரு நல்ல குணம், துரை சொன்னால் மீறமாட்டார்கள். வலிக்கு ஊசியும் தாராளமாக எழுதினேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலும் லேசில் பிடிபடாது. இல்மா வந்து வந்து கேட்டாள். அந்த அம்மா வியர்த்து வழிந்துகொண்டே, "வலிக்கலைங்க, நல்லா இருக்கேன்" என்றார். அடுத்த நாளும் அதையேதான் சொன்னார். அதற்கடுத்த நாள் சொல்வதற்கு அவர் இல்லை.

ஆம், மறைத்தது நான்தான். ஆனால் ஒரு நோயாளியின் வாயிலிருந்து உண்மையை வாங்கத் தெரியாத அந்தப் பெண்ணிடமா என் பதவியையும் அறையையும் கொடுக்கப் போகிறீர்கள்?