பழைய மாடலா, புது மாடலா?

“பந்தயம் மலை உச்சியில முடிஞ்சிரும் தம்பி, வீட்டுக்கு எறக்கத்துலதான் வரணும்.”

ஹப்புத்தளை பஸ் ஹாலிஎலயைத் தாண்டும்போது பின் சீட்டில் ஒருவர் இப்படிச் சொன்னதுமே, கேட்பதை எழுதிவைக்க எனக்குத் தோன்றிவிட்டது. சொன்னவர் தேயிலைத் தோட்டத்துத் துரையின் டிரைவர். பக்கத்திலிருந்து கேட்டவர் பதுளைப் புடவைக்கடைக்காரரின் மகன், மலைப்பாதைப் பந்தயங்களில் கார் ஓட்டும் இளைஞர். சீமைக்குத் திரும்பும் துரையிடம் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள். ஒரே கம்பெனி, பழைய மாடலும் புது மாடலும். அதில் ஒன்றை இந்த இளைஞர் வாங்க வேண்டும்.

“புதுசு நல்லா இழுக்குமே அண்ணே?”

“இழுக்கும். ஆனா பழசு வழுக்கப்போறப்ப முன்கூட்டியே சொல்லிரும். புதுசு கடைசி வரைக்கும் வாயத் தொறக்காது.”

“போன பந்தயத்துல கார மண்மேட்டுல ஏத்திட்டேன். இன்னொருவாட்டி ஏத்தினா வாப்பா சாவியப் புடுங்கிருவாரு. வாங்குற காருலதான் தெனம் கடைக்கும் போகணும்.”

“தொரை என்ன செய்வாரு தெரியுமா? விருந்தாளி வந்தா புதுச எடுப்பாரு. பனி எறங்கினா பழசு.”

இளைஞர் நகத்தைக் கடித்தார். “சாயந்தரம் அவருக்குப் பதில் சொல்லணும். பயமாத்தான் இருக்கு.”

“இருக்கட்டும், அப்பத்தான் மெதுவா ஓட்டுவீங்க. போனதும் பெரகல எறக்கத்துல ரெண்டையும் ஓட்டிப் பாருங்க.”

“இந்தப் பனியிலயா?” இளைஞர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார்.

“பனியிலதான்.”

“நீங்க பக்கத்துல இருப்பீங்கல்ல?”

“பழசுல இருப்பேன்.”