மழித்த கால்கள்

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பிறகு யாராவது இடையில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இது என் சிநேகிதி வெரேனாவின் அண்ணன் யூர்க்குக்கு நடந்தது.

நவம்பர். மாலை ஐந்தரை. ஏரிக்கரைச் சாலை... அதற்குள் இருட்டிவிட்டது. பனிமூட்டம். ஈ காக்கை இல்லை.

யூர்க்குக்கும் நம்மைப் போலத்தான், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. தொடையில் ஒட்டிய பட்டைகளில் மின்சாரம் பாய்ந்தால் கால் மிதிக்கும். மின்சாரம் அனுப்பும் பெட்டியை நிறுத்தினால் நிற்கும். அன்று அவன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள் ரேட்டோவுடையது. முந்தைய வருடம் அதே ஏரியில் சைக்கிளோடு விழுந்து செத்தானே, அவன்தான்.

பட்டை ஒட்டுவதற்காக நாமெல்லாம் காலை மழிக்கிறோம். ரேட்டோ மட்டும் மாட்டான். நீள நீளமாகச் செம்பட்டை முடி. "கரடி வருது, வழி விடுங்கடா!" என்று அவனை அழவைத்ததே இந்த யூர்க்தான். எனக்கு யூர்க்மேல் இரக்கமே கிடையாது.

அன்று புதுப் பாக்கெட்டைப் பிரித்து, மழித்த தொடையில் பட்டை ஒட்டிவிட்டாள் தெரபிஸ்ட் மோனிக்.

"பெட்டியில ரேட்டோவோட கரண்ட் அளவுதான் இருக்கு. அழிச்சிட்டு உன்னோடதைப் போட்டுக்க."

"இருக்கட்டும் விடு. கரடியோட பலம் எனக்கும் வரட்டுமே!"

கிளம்பிவிட்டான். சங்கிலி கிர்ர்... கிர்ர்... என்றது. சாலை ஏரிப் பக்கம் வளையும் இடத்தில் பெட்டியை நிறுத்தினான். அதன் விளக்கு அணைந்தது.

கால் நிற்கவில்லை.

வயரைப் பிடுங்கினான்... கால் இன்னும் வேகமாக மிதித்தது. பிரேக் கீச்சிட்டது, சைக்கிள் கேட்கவில்லை. நேராகத் தண்ணீரை நோக்கிப் போயிற்று. பாதங்களோ மிதியில் கட்டப்பட்டிருந்தன. அப்போதுதான் அந்த நாற்றம்... முடி பொசுங்கும் நாற்றம். மழித்த காலில் பொசுங்க என்ன இருக்கிறது?

"ரேட்டோ... தெரியாம பேசிட்டேன்டா! விட்டுடுடா!"

கால் விடவில்லை. படகுத்துறைக் கட்டையில் மோதிக் கரையிலேயே கவிழ்ந்ததால் பிழைத்தான். முன்சக்கரம் தண்ணீருக்குமேல் சுற்றிக்கொண்டே இருந்ததாம்.

தேடி வந்த மோனிக்தான் தூக்கினாள். அறைக்குக் கொண்டுபோய், வழக்கம்போலத் தோல் சுட்டிருக்கிறதா என்று பார்க்கப் பட்டைகளை உரித்தாள். தொடை வழவழவென்று இருந்தது. ஒரு காயம்கூட இல்லை.

பட்டையின் பசை முழுக்க முடி. நீளமாக, செம்பட்டையாக, வேரோடு.

அதிலிருந்து ஏரித்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.